தண்ணீருக்குள் மூன்று வளையங்கள்

பூமிக்கு அடியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவு. எந்த மருத்துவரும் சொல்லி நான் இதைக் கேட்டதில்லை, சொந்த அனுபவம். கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தின் அடியில், வெயிலும் மழையும் எட்டாத குகையில், என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தேன். லிஃப்டில் இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். கீழே எப்போதும் ஒரே குளிர்ச்சி. அங்கே எல்லோரும் ஆரோக்கியமாகத்தான் இருந்தோம்.

நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். நீங்கள் ஓய்வுபெற்ற நீதிபதி. இயற்பியல் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் துறையில் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் செய்தது என்னவென்றே புரியாது. புரிந்துவிட்டால் என்னைப் பற்றி நீங்கள் அவ்வளவு கடுமையாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

குகைக்குள் ஒரு தொட்டி இருக்கிறது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றை அப்படியே உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிது. அது நிறையத் தண்ணீர். வடிகட்டி வடிகட்டித் தூசு தும்பு இல்லாமல் ஆக்கிய தண்ணீர். சுவர், தரை, கூரை எங்கும் பூசணிக்காய் அளவில் கண்ணாடிக் குமிழ்கள். சின்ன வெளிச்சத்தையும் விடாமல் உணர்கிற கண்கள் அவை. தொட்டியை நிரப்பியபோது நாங்கள் ரப்பர் படகில் உட்கார்ந்து, தண்ணீர் ஏற ஏற, ஒவ்வொரு வரிசையாகக் குமிழ்களைத் துடைத்து மாட்டிக்கொண்டே மேலே வந்தோம். பிறகு மூடியை இறக்கினோம். உள்ளே முழு இருட்டு. அந்த இருட்டில் ஒரே ஒரு புரோட்டான் செத்தால் எங்களுக்குத் தெரிய வேண்டும். அத்தனை ஏற்பாடும் அதற்குத்தான்.

புரோட்டான் சாகாது என்பது பள்ளிக்கூடப் பாடம். சாகும் என்று சொன்னவர்களில் ஒருத்தி என் மனைவி.

அவள் அதே நிறுவனத்தில் கோட்பாட்டுப் பிரிவில் இருந்தாள். மின்சாரத்தையும் காந்தத்தையும் நடத்துவது ஒரு விசை. சில அணுக்களை மெல்ல மெல்லச் சிதைய வைப்பது இன்னொன்று. அணுவின் கருவை இறுக்கிப் பிடித்திருப்பது மூன்றாவது. ஈர்ப்பு விசை நான்காவது. அதை அவள் ‘பக்கத்து வீட்டுப் பிரச்சினை’ என்பாள். முதல் மூன்றின் வலிமையும் வேறு வேறு. ஆனால் சூடு ஏற ஏற அந்த வலிமைகள் மாறும். சில குறையும், ஒன்று கூடும். கோடுகளாக வரைந்து பார்த்தால், பிரபஞ்சம் பிறந்த கணத்தின் சூட்டில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் வந்து சேரும். கிட்டத்தட்ட என்பதுதான் தொல்லை. நடுவில் ஒரு சின்ன முக்கோணம் மூடாமல் நிற்கும். பலர் பல விதமாக அதை மூடப் பார்த்திருக்கிறார்கள். என் மனைவி மூடிய விதம் மிகவும் எளிமையானது. அவள் கணக்குப்படி மூன்றும் ஆதியில் ஒரே விசை, உலகம் குளிர்ந்தபோது தனித்தனியாகப் பிரிந்தவை.

அது உண்மையானால் புரோட்டான் என்றாவது உடைந்தாக வேண்டும். ஒரு புரோட்டானை வைத்துக்கொண்டு காத்திருந்தால் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஒரு தொட்டி நிறைய வைத்துக்கொண்டால், சில வருடங்களுக்கு ஒன்று உடையலாம். உடைந்தால் சுவரில் மூன்று வளையங்களாக வெளிச்சம் விழும்: ஒன்று ஒரு பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம். மூன்று வளையம் தெரிந்தால் அவள் சொன்னது சரி. தெரியாமலே வருடங்கள் போனால் தப்பு. அவளுடைய முப்பது வருட உழைப்பு அந்தத் தண்ணீரில் இருந்தது.

அந்தக் கோடுகளை அவள் முதன்முதலில் சேர்த்து வரைந்தது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில். கையில் கிடைத்த மார்க்கர் அழியாத வகை என்று கவனிக்கவில்லை. துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

“இருக்கட்டும் விடுங்க,” என்றாள். “ஆபீஸுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு.”

அப்போது எங்கள் மகள் சின்னவள். அந்தக் கோடுகளுக்குக் கீழே ஒரு மீன் வரைந்தாள்.

நிறுவனத்தில் என் மனைவியை ‘மூணும் ஒண்ணு மேடம்’ என்றுதான் சொல்வார்கள். பிரியத்தோடு வைத்த பெயர். ஒருமுறை வெளியிலிருந்து பெரிய விஞ்ஞானி ஒருவர் வந்திருந்தார். கேன்டீனில் எங்களை அறிமுகம் செய்துவைத்தவர், “மூணு கோட்டையும் சேத்துவச்சது இவங்கதான். இவர் அவங்க வீட்டுக்காரர், தண்ணியப் பாத்துக்கிறார்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதை வேறு யாராவது உங்களிடம் வந்து சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததற்குக் காரணம் அதுவல்ல. நான் அப்படிப்பட்ட சின்ன மனிதன் அல்ல.

இனி உப்பைப் பற்றி.

எங்கள் தொழிலின் பெரிய வியாதி ஆசை. பல வருடம் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பவனின் கண், இல்லாத இடத்திலும் அதைப் பார்த்துவிடும். அதற்கு மருந்தாக ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரிலிருந்து வரும் தகவலுக்குள், நிஜம் போலவே இருக்கும் சில பொய் நிகழ்வுகளை ஒருவர் ரகசியமாகக் கலந்துவிடுவார். இதை உப்பு போடுவது என்போம். அலசிப் பார்க்கிறவர்களுக்கு எது நிஜம், எது உப்பு என்று தெரியாது. அதனால் எதன்மேலும் ஆசை வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே சந்தேகத்தோடு சோதிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி திறப்பு. அன்று சோதனையில் தேறிய நிகழ்வுகளைத் திரையில் போடுவார்கள். உப்பு போட்டவர் எழுந்து, எவை தன்னுடையவை என்று சொல்வார். மிச்சம் ஏதாவது இருந்தால் அது இயற்கையுடையது.

போட்டதை எங்கும் எழுதிவைக்கக் கூடாது, கசிந்துவிடும். ஒரு கம்ப்யூட்டருக்கும் அந்த ஒரு ஆளுக்கும்தான் தெரியும். பெட்டி திறந்த அன்று மாலையே கம்ப்யூட்டரின் நினைவையும் துடைத்துவிடுவார்கள், அடுத்த சுற்றுக்குப் பழைய உப்பின் ருசி தெரியக் கூடாது என்று. உப்பு கலக்கும் முன் உள்ள தகவல் தனியாகக் காந்த நாடாக்களில் ஏறி, சீல் வைத்த அறைக்குப் போய்விடும். அது தீ விபத்துக்கான முன்னெச்சரிக்கை. அவற்றை யாரும் தொடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும் அல்லவா.

அந்த வேலைக்கு என் பெயர் வந்த கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திட்டத் தலைவரை நாங்கள் கேப்டன் என்போம். அவர் எதையும் சுற்றிவளைக்காத மனிதர்.

“இவர் வேணாம்னு ஒரு பேச்சு வந்திருக்கு,” என்றார். “வீட்டம்மாவோட தியரி. சாதகமா நடந்துக்குவாரோன்னு.”

என் மனைவி பின்வரிசையில் இருந்தாள். “யாரு, இவரா? எனக்குச் சாதகமாவா?” என்றாள். “கல்யாணம் ஆன நாள்ல இருந்து காப்பிக்குச் சக்கரைகூட இவர் இஷ்டத்துக்குத்தான் போடறார்.”

கூட்டம் சிரித்து அடங்கியது.

“சரி, சாதகம் பண்றதுன்னா என்ன பண்ணுவார்?” என்றார் கேப்டன். “தான் போட்ட பொய்யை நிஜம்னு சொல்லணும். அதுக்கு ஒரு பூட்டு போட்டுட்டா முடிஞ்சுது.”

பூட்டு போட்டார்கள். நான் ‘இது என்னுடையதல்ல’ என்று சொல்லும் எந்த நிகழ்வையும் ஐந்து பேர் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்; அதற்காக மட்டும் சீல் வைத்த நாடாவைத் திறக்கலாம். நல்ல ஏற்பாடு. ‘இது என்னுடையது’ என்று நான் சொன்னால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. ஒருவன் தன் பொய்யைப் பொய் என்று தானே ஒப்புக்கொண்டால் அதைப் போய் யார் சோதிப்பார்கள்? எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே திசையில் பயப்படப் பழகியவர்கள். இல்லாததைக் கண்டுவிடுவோமோ என்றுதான் பயம். இருப்பதைத் தொலைத்துவிடுவோமோ என்ற பயம் கிடையாது. அந்தக் கூட்டத்திலேயே இதைக் கவனித்தேன். சொல்லவில்லை. தப்பான எண்ணம் எதுவும் இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து என் பெயர் உப்பு. வீட்டிலும் சில நேரம் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

முதல் மூன்று திறப்புகளில் திரையில் வந்ததெல்லாம் நான் போட்டவை. உள்ளது உள்ளபடி சொன்னேன். நான்காவது திறப்பில்தான் அது நடந்தது.

திரையை நடத்தியது கண்ணாடி. அலசல் குழுவிலேயே கெட்டிக்காரப் பெண். தடித்த மூக்குக்கண்ணாடியால் வந்த பெயர். “ரெண்டு தேறியிருக்கு,” என்று சொல்லி, இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டாள்.

இடது பக்கம் இருந்தது என்னுடையது. பார்த்ததும் தெரிந்தது. வலது பக்கம் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மூன்று வளையங்கள். ஈர டம்ளரை மேசையில் வைத்து எடுத்தால் விழுகிற தடம் போல இருந்தன. ஒன்று தனியாக, எதிரே இரண்டு, லேசாக உரசிக்கொண்டு. கூட்டிக் கழித்தால் கணக்கு ஒத்துப்போனது. வேறெதுவும் அந்த வேடம் போட்டு அங்கே வருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

“உப்பு, சொல்லுங்க,” என்றார் கேப்டன். “எது உங்களோடது?”

எழுந்து நின்றேன். அறை முழுக்க என்னைப் பார்த்தது. என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மகள் பிறந்த அன்று, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது. அன்றும் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“ரெண்டும் என்னோடதுதான்,” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னபின் மாற்றிச் சொல்லத் தோன்றவும் இல்லை. “அட உப்பே, ஒரு நாளாவது நல்ல செய்தி சொல்லுய்யா,” என்று யாரோ கத்தினார்கள். பெருமூச்சும் சிரிப்புமாக அறை கலைந்தது. முதலில் கை தட்டியது என் மனைவிதான். ஏமாந்ததற்குக் கை தட்டுவது எங்களிடம் மரியாதை.

வீட்டுக்குப் போகும்போது நான்தான் கார் ஓட்டினேன். பாதி வழியில் அவள் சொன்னாள்:

“நல்லா போட்டிருந்தீங்க.”

“எதை?”

“ரெண்டாவது. ரொம்ப அழகா இருந்துச்சுங்க. அந்த ரெண்டு வளையமும் உரசிக்கிட்டு நின்னது... அப்படித்தான் இருக்கும்னு நான் மனசுக்குள்ள நெனச்சு வச்சிருந்தேன். அப்படியே போட்டுட்டீங்க. ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்.”

“தேங்க்ஸ்,” என்றேன்.

அவள் சிரித்தாள். சிக்னலில் வண்டி நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தாம்பத்தியத்தில் அது ஒரு நல்ல சாயங்காலம்.

இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்டுப் பாருங்கள். அறிவியலில் ஒரே ஒரு நிகழ்வு எதையும் நிரூபிக்காது. இயற்கையுடையது என்று சொல்லியிருந்தால் ஐந்து பேர் ஒரு வருடம் அதைப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். கடைசியில், ‘ஒன்றுதானே, இன்னொன்று வரட்டும்’ என்றிருப்பார்கள். அவள் ஊணும் உறக்கமும் இல்லாமல் அந்த இன்னொன்றுக்காகக் காத்திருப்பாள். அரைகுறை நம்பிக்கை ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எதுவும் காணவில்லை என்பதும் எங்கள் தொழிலில் ஒரு முடிவுதான். ஒன்றும் உடையாமல் இவ்வளவு காலம் போயிற்று என்றால், புரோட்டானின் ஆயுள் குறைந்தது இவ்வளவு என்று ஒரு வரம்பு போடுவோம். ஒவ்வொரு வெறும் திறப்புக்கும் வரம்பு ஏறும். அவள் கோட்பாடு சொன்ன ஆயுளுக்கு ஒரு மேல் எல்லை இருந்தது. வரம்பு ஏற ஏற அவளுக்கு நிற்க இடம் குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை கணக்கில் ஓரிடத்தைத் தளர்த்தி எல்லையை மேலே தள்ளினாள். தள்ளலாம், தப்பில்லை. ஆனால் வெளியே ‘ரப்பர் தியரி’ என்றார்கள். ஒரு கருத்தரங்கில் அவள் பேசி முடித்ததும் எவனோ மேடைக்கு ஒரு ரப்பர் பேண்டைக் கொடுத்து அனுப்பினான். அதை விரலில் சுற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

இந்தக் காலத்தில் கண்ணாடி ஒருநாள் என் அறைக்கு வந்தாள். கதவை முழுக்கச் சாத்தாமல், பாதி திறந்து வைத்துக்கொண்டே நின்றாள்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நாலாவது திறப்புல அந்த ரெண்டாவது... அது நீங்க போட்டதுதானா?”

“ஏன் கேக்கறே?”

“உங்க உப்பெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கும் சார். தலை வாரி விட்ட மாதிரி. அது கொஞ்சம் கலைஞ்சு இருந்துச்சு.”

“எனக்கும் கொஞ்சம் கை பழகுமில்ல?”

“ஆமா சார். சாரி சார்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருடம் அவளை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. குழுவில் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். திறமையில் குறையே இல்லை என்றேன். ஆனால் முடிந்துபோன ஒரு பொய்யின் மேல் அவளுக்கு இன்னும் ஆசை விடவில்லை என்றேன். எங்கள் இடத்தில் ஒருவரைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்ல எதுவும் இல்லை. அவள் இப்போது ஏதோ காப்பீட்டு நிறுவனத்தில் இருப்பதாகக் கேள்வி. நன்றாகத்தான் இருப்பாள்; கணக்கில் கெட்டி.

ஏழாவது திறப்புக்குப் பிறகு வரம்பு என் மனைவியின் எல்லையைத் தாண்டிவிட்டது. தளர்த்த இனி இடமில்லை. வேறொருவராக இருந்தால் சாக்கு தேடியிருப்பார்கள். அவள் நேர்மையானவள். நிறுவனத்தின் பெரிய அரங்கைக் கேட்டு வாங்கி, எல்லோரையும் கூப்பிட்டாள். பலகையில் அந்த மூன்று கோடுகளை வரைந்து, சேருமிடத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

“இங்க மூணும் சேருதுன்னு நான் சொன்னேன்,” என்றாள். “இயற்கைகிட்ட கேட்டோம். இல்லன்னு சொல்லிடுச்சு. ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்பச் சொல்லிடுச்சு. நான் சொன்னது தப்பு. இதை நானே சொல்லிடணும்னுதான் உங்களக் கூப்பிட்டேன். இவ்வளவு சுத்தமா ஒரு பதிலை வாங்கிக் கொடுத்ததுக்கு, கீழ வேலை பாத்தவங்க எல்லாருக்கும் நன்றி. முக்கியமா உப்புக்கு.”

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் எழுந்து நின்று தட்டினேன். எத்தனை கணவன்மாருக்கு மனைவி அப்படி ஊரறிய நன்றி சொல்லியிருக்கிறாள்?

அதன் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. விருப்ப ஓய்வு. கொஞ்ச நாள் சமையலறையில் நின்று ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டாள்:

“இவ்ளோ அழகாப் பொருந்துறது எப்படிங்க பொய்யா இருக்கும்?”

“அழகா இருக்கறதெல்லாம் நிஜமா இருக்கணும்னு யாரு சொன்னா?” என்றேன்.

எங்கள் துறையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவளே பல தடவை மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். சரிதான் என்பது போலத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். அந்த வாரமே புது ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டேன். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துப் போக வந்த ஆள், “ஏன் சார் இதைத் தள்ளிவிடறீங்க? கதவுல கொஞ்சம் கிறுக்கல்தானே?” என்றான். அவள் ஹாலில் உட்கார்ந்து அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். கீழே மீன் இருந்த பக்கம் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது.

மகள் வேறு ஊரிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். “அம்மாகிட்ட குடுங்கப்பா. ஏம்ப்பா அம்மா பேசவே மாட்டேங்கறாங்க?”

“ரெஸ்ட் எடுக்கறாம்மா. எத்தனை வருஷ உழைப்பு.”

“மூணு வருஷமாவா ரெஸ்ட் எடுப்பாங்க?”

“அவசரப்பட்டா எப்படிம்மா,” என்பேன்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற்ற பிறகு, பழைய நாடாக்கள் நைந்துபோவதால் அவற்றைப் புதிய சேமிப்புக்கு மாற்ற முடிவெடுத்து சீலை உடைத்திருக்கிறார்கள். அதில் உப்பு கலக்காத தகவலுக்குள் நான்காவது திறப்பின் மூன்று வளையங்கள் அப்படியே இருந்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கும். அது நான் போட்டதல்ல. இயற்கையுடையது. இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான். நாடாக்களை மாற்றுகிறவர்கள் இன்னும் முன் அலமாரிகளைத் தாண்டவில்லை போலிருக்கிறது. அவர்களுக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று சொல்கிறேன். ஆறாவது திறப்புக்குரிய நாடாவில் ஒன்று இருக்கிறது. ஏழாவதில் ஒன்று. அவையும் என்னுடையவை என்றுதான் சொன்னேன்.

மூன்று இருந்தால் அது கண்டுபிடிப்பு. விசைகள் ஒன்று என்பதற்கு மனிதகுலத்தின் முதல் சாட்சி. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிற நிபுணர்கள் இதைக் கொஞ்சம் ஆவேசமாகவே சொல்வார்கள். நான் முன்பு சொன்னதில் மாற்றமில்லை. ஒன்று எதையும் நிரூபிக்காது. ஆறாவது திறப்பில் நான் எழுந்து நின்றபோது திரையில் இருந்தது ஒன்றுதான்; முந்தையதுதான் உப்பு என்று முடிவாகிவிட்டதே. ஏழாவதிலும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்தாற்போல ஒருநாளும் என் முன் வந்ததில்லை.

இதில் எனக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதவி கிடைக்கவில்லை, பெயர் கிடைக்கவில்லை. ஒன்றைச் சொல்லலாம். ஏழாவது திறப்புக்குப் பிறகு, அந்த மூன்று விசைகளும் ஒன்றுதான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதன் பூமியில் நான்தான். அதைக் கண்டுபிடித்தவளுக்கே தெரியாது. காலையில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது அவளைப் பார்ப்பேன். கன்னத்தில் கை வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைப் பற்றி அவளுக்கே தெரியாத மிகப் பெரிய விஷயம் என்னிடம் பத்திரமாக இருந்தது. அவ்வளவு நெருக்கமாக நான் அதற்கு முன் அவளை உணர்ந்ததில்லை.

உண்மையும் எங்கும் போய்விடவில்லை. வேறெங்கோ இதைவிடப் பெரிய தொட்டி தோண்டுகிறார்கள். அங்கே ஒருநாள் வளையங்கள் விழும். யாரோ ஒரு சின்ன வயதுக்காரர் அந்தக் கோடுகளை வேறு பெயரில் திரும்ப வரைவார். இயற்கைக்கு அவசரம் இல்லை. பாராட்டுப் போய்ச் சேரும் விலாசம்தான் கொஞ்சம் மாறும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று உங்கள் விசாரணைக் குழு முடிவெடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். தான் தோற்றதை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். இந்த வயதில் அதையும் அவளிடமிருந்து பிடுங்குவது கொடுமை. நான் கூடவே இருப்பவன். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று எனக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம், எவ்வளவோ நாளைக்குப் பிறகு, அவளாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாள். நான் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏங்க, கீழ அந்தத் தொட்டியில தண்ணி இன்னும் இருக்கா? கண்ணெல்லாம் இன்னும் முழிச்சிருக்கா?”

தண்ணீர் இருக்கிறது. குமிழ்கள் ஒன்றுவிடாமல் விழித்திருக்கின்றன. அது உங்களுக்கும் தெரியும்.

“இல்லம்மா,” என்றேன். “தெறந்து விட்டுட்டாங்க. காலி பண்ணியாச்சு.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“சரி,” என்றாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இன்று காலையும் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே படுத்திருக்கிறாள். தொந்தரவு செய்யவில்லை.

வேறு சொல்ல எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.